நாங்களும் கற்போம்: கடன் கொப்பியும் கணினிக் கோடும்



கோழி வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், சேமிப்புக் கொப்பி எழுதுதல் என்று இந்தப் பக்கத்தில் மாதந்தோறும் ஏதாவது ஒன்றைச் சேர்ந்து கற்று வருகிறோம். இம்மாதம் கணினிக்கு நிரல் எழுதுவது பற்றிச் சொல்லப் போகிறேன். “அது பிள்ளைகளின் படிப்பு, எங்களுக்கு என்னத்துக்கு?” என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பழைய கடன் கொப்பிதான் என் நினைப்பை மாற்றியது. அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள். 2009 வரை வீட்டின் வரவு செலவெல்லாம் என் கணவர் பார்த்தார். அவர் இல்லாமற் போன பின்னர் எல்லாம் என் தலையில் வந்தன. மீள்குடியேறிய பிறகு எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் என்னைப் பொருளாளராகத் தெரிவு செய்தார்கள். கூட்டல் கழித்தலில் பிழை விடமாட்டேன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி.

நான் சரியென்று சொன்ன கணக்கு

2017 இல் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு நிறுவனத்தில் குழுக்கடன் எடுத்தோம். ஆளுக்கு 60,000 ரூபா. ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பொறுப்பு. “நூற்றுக்கு இரண்டு வட்டிதான் அக்கா, வருடத்துக்கு 24 வீதம்” என்று வந்த தம்பி சொன்னார். மாதத் தவணை 6,200 ரூபா. 12 மாதங்களில் முடிந்துவிடும்.

நான் கொப்பியை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். 6,200 ரூபாவை 12 ஆல் பெருக்கினால் 74,400. அதில் 60,000 முதல், 14,400 வட்டி. அறுபதாயிரத்தின் 24 வீதமும் அதே 14,400 தான். கணக்குச் சரி. “பயப்படாமல் கையெழுத்து வையுங்கோ” என்று மற்ற நால்வருக்கும் சொன்னவள் நானே.

பத்து மாதங்கள் எல்லோரும் ஒழுங்காகக் கட்டினோம். பதினோராம் மாதம் எங்களில் இளையவளால் முடியவில்லை. அந்த முறை அவளுடைய கச்சான் மழையில் அழிந்து போனது. கொப்பியில் அவளுக்கு இன்னும் இரண்டு தவணை, அதாவது 12,400 ரூபா மிச்சம் இருந்தது. சேர்ந்து கையெழுத்து வைத்த நாங்கள் நால்வரும் அவளுடைய வாசலில் போய் நின்றோம். நான்தான் முன்னுக்கு நின்றேன். “நீ கட்டாவிட்டால் எங்கட பெயரும் கெட்டுப்போகும்” என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிழமையே பால் மாட்டைக் கன்றோடு விற்றுக் கட்டினாள். அதன் பிறகு சங்கக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

பாம்பின் பெயரில்லாத பைத்தன்

போன வருடம் என் அக்காவின் மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்துக்கொண்டிருந்தாள். பின்னேரங்களில் என் வீட்டு மேசையில் பழைய மடிகணினியை வைத்துக்கொண்டு ஏதோ தட்டுவாள். “என்ன பிள்ளை அது?” என்று கேட்டேன். “பைத்தன், சின்னம்மா” என்றாள். பாம்பின் பெயரை ஏன் வைத்தார்கள் என்றேன். சிரித்துவிட்டு விளக்கினாள்.

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் றொசம் என்பவர் 1989 இல் நத்தார் விடுமுறைக் காலத்தில் இந்தக் கணினி மொழியை உருவாக்கத் தொடங்கினார். 1991 இல் அதை வெளியிட்டார். அவருக்குப் பிடித்த ‘மொண்டி பைத்தன்’ என்ற பிரித்தானிய நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் பெயரைத்தான் வைத்தாராம். எங்கள் நாட்டு உயர்தரப் பாடத்திட்டத்திலும் அது இருக்கிறது. பணம் கட்டத் தேவையில்லை. அதன் இணையத்தளத்திலிருந்து இலவசமாக எடுத்துக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். பழைய கணினியே போதும்.

நிரல் என்றால் கணினிக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல். சமையலுக்கு ஆள் வைத்து, “முதலில் அரிசியைக் கழுவு, பிறகு உலையில் போடு” என்று வரிசையாகச் சொல்வதைப் போன்றது. வித்தியாசம் என்னவென்றால், கணினி எதையும் தானாக ஊகித்துக்கொள்ளாது. சொன்னதை மட்டும் செய்யும், சொன்ன ஒழுங்கில் செய்யும்.

“எனக்கு ஆங்கிலம் வராதே” என்றேன். “பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், சின்னம்மா” என்றாள். நான் நம்பவில்லை. அவள் தட்டிக் காட்டினாள்:

கடன் = 60000

2008 இல் வெளிவந்த பைத்தன் மூன்றாம் பதிப்பிலிருந்து இப்படித் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க முடியும். ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். எங்கள் பகுதி அச்சகங்களில் நெடுங்காலம் பாவித்த பாமினி எழுத்துருவில் தட்டினால் சரிவராது. பாமினி எங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு உள்ளே அவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோட் முறையில் தட்ட வேண்டும். கைத்தொலைபேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறோமே, அது யூனிகோட்தான்.

பைத்தனின் சொந்தக் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ‘பிரின்ட்’ என்றால் திரையில் காட்டு. ‘ஃபோர்’ என்றால் திரும்பத் திரும்பச் செய். ‘இஃப்’ என்றால் இப்படி இருந்தால். இந்த மூன்றும் இன்றைய பாடத்துக்குப் போதும். ஆங்கில எழுத்துக்கூட்டலை உயர்தரம் படிக்கும் பிள்ளை எவரிடமும் கேட்டு ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளும் தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு ‘எழில்’ என்றொரு தமிழ் நிரல்மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை என்பவர் உருவாக்கியது. அதையும் பைத்தனில்தான் எழுதியிருக்கிறார்.

ஏழு வரி நிரல்

“சும்மா ஒன்று இரண்டு கூட்டிப் பார்த்தால் அலுத்துப்போகும். உங்களிட்ட இருக்கிற கணக்கு ஒன்றைத் தாங்கோ” என்றாள் பிள்ளை. அலுமாரியில் கிடந்த 2017 ஆம் ஆண்டுக் கடன் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். வேறு எதுவும் யோசித்துக் கொடுக்கவில்லை. கையில் முதலில் அகப்பட்டது அதுதான்.

அவள் கேட்டாள்: “ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கடன் மிச்சம் இருந்தது, சின்னம்மா?” என்னிடம் பதில் இல்லை. கட்டிய தவணைகளைக் கொப்பியில் எழுதியிருந்தேன். மிச்சக் கடனை ஒரு நாளும் கணக்கிட்டதில்லை. சரி, நூற்றுக்கு இரண்டு வட்டி என்றுதானே சொன்னார்கள், அப்படியே கணினிக்குச் சொல்வோம் என்று இருவரும் எழுதினோம்:

மீதி = 60000
வீதம் = 0.02
தவணை = 6200
ஃபோர் மாதம் இன் ரேஞ்ச்(1, 13):
    வட்டி = மீதி * வீதம்
    மீதி = மீதி + வட்டி - தவணை
    பிரின்ட்(மாதம், வட்டி, மீதி)

இதை வரிவரியாகப் பார்ப்போம். முதல் மூன்று வரிகளும் பெயர் ஒட்டிய போத்தல்கள். ‘மீதி’ என்ற போத்தலில் 60000 போட்டு வைக்கிறோம். நூற்றுக்கு இரண்டு என்பதை 0.02 என்று எழுத வேண்டும். வெறும் 2 என்று போட்டால் முதல் மாத வட்டியே ஓர் இலட்சத்து இருபதாயிரமாகும்.

நான்காவது வரி, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் மாதமாகச் செய் என்கிறது. பன்னிரண்டு வரை என்பதற்கு 13 என்று ஏன் எழுதுகிறோம்? பைத்தன் கடைசி எண்ணைத் தொடாமல் அதற்கு முன்னால் நின்றுவிடும். நான் 12 என்று எழுதிவிட்டுப் பதினொரு மாதம்தான் வருகிறது என்று அரை மணித்தியாலம் தேடினேன்.

ஐந்தாவது வரி அந்த மாதத்து வட்டியைக் கணக்கிடுகிறது. நட்சத்திரக் குறி பெருக்கலுக்கு. ஆறாவது வரியைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் கணிதம் படித்தவர்களுக்குத் தலை சுற்றும். மீதியும் மீதியும் எப்படிச் சமனாகும்? இங்கே சமன் குறிக்குச் சமன் என்று பொருளில்லை. வலப்பக்கம் வருவதைக் கணக்கிட்டு இடப்பக்கப் போத்தலில் போடு என்று பொருள். பழைய மீதியோடு வட்டியைக் கூட்டி, தவணையைக் கழித்து, வருவதைப் புதிய மீதியாக வைக்கிறோம். ஏழாவது வரி அதைத் திரையில் காட்டுகிறது.

கடைசி மூன்று வரிகளும் நான்கு இடைவெளி உள்ளே தள்ளித் தொடங்குவதைக் கவனியுங்கள். உள்ளே தள்ளிய வரிகளைத்தான் மாதாமாதம் திரும்பச் செய்யும். தள்ளாமல் எழுதினால் சிவப்பு எழுத்தில் பிழை காட்டும். இன்னொன்று, எண்களுக்கு நடுவே காற்புள்ளி போடாதீர்கள். 60,000 என்று எழுதினால் அதை 60 ஒன்று, 0 ஒன்று என இரண்டு எண்களாக எடுத்துக்கொள்ளும். சிவப்பு எழுத்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை. எத்தனையாம் வரியில் சிக்கல் என்றும் அதிலே சொல்லியிருக்கும். கணினி பழுதாகிவிடாது. திருத்திவிட்டு மறுபடியும் ஓட்டலாம்.

கழித்தல் அடையாளம்

நிரலை ஓட்டினோம். முதலாம் மாதம் வட்டி 1,200, மீதி 55,000. இரண்டாம் மாதம் வட்டி 1,100, மீதி 49,900. மூன்றாம் மாதம் வட்டி 998, மீதி 44,698. இவற்றைக் கையாலும் செய்து பார்த்தேன், சரியாக இருந்தது. மாதாமாதம் கடன் குறைகிறது, அதனால் வட்டியும் குறைகிறது.

பத்தாம் மாத முடிவில் மீதி 5,251 ரூபா. பதினோராம் மாதத்தில் 844 என்று வந்து, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் அடையாளம் நின்றது. பன்னிரண்டாம் மாதம் கழித்தல் 7,060.

“ஏதோ பிழை விட்டிட்டம் பிள்ளை” என்றேன். மூன்று தரம் ஓட்டினோம், அதே விடைதான். அவள் மெதுவாகச் சொன்னாள்: “பிழை இல்லை, சின்னம்மா. கழித்தல் வந்தால் நீங்கள் கூடக் கட்டியிருக்கிறீங்கள் என்று அர்த்தம்.”

உண்மையிலேயே மிச்சக் கடனுக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால், பதினோராம் மாதம் 5,356 ரூபா கட்டியவுடன் கடன் முடிந்திருக்கும். முழு வட்டியும் 7,356 ரூபாதான். நாங்கள் கட்டியது 14,400. ஆளுக்கு 7,044 ரூபா கூட. ஐந்து பேருக்கும் 35,220.

அப்படியானால் நான் கொப்பியில் பெருக்கிய கணக்கு எங்கே பிழைத்தது? பெருக்கல் பிழைக்கவில்லை. ‘24 வீதம்’ என்ற சொல்லை எதன்மேல் வைக்கிறார்கள் என்பதை நான் கேட்கவில்லை. அந்தக் கடனில் வட்டியை மாதா மாதம் முழு 60,000 ரூபாவுக்கும் போட்டிருந்தார்கள். முதலில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுத்த பின்னும் பன்னிரண்டாம் மாதத்திலும் வட்டி அதே 1,200 தான். இதை நிலையான வட்டி முறை என்பார்கள். மற்றது குறைந்து செல்லும் மீதிக்கான வட்டி முறை.

இப்படி யோசித்துப் பாருங்கள். வீட்டு விசேஷத்துக்குப் பன்னிரண்டு கதிரைகளை வாடகைக்கு எடுக்கிறோம். மாதம் ஒன்றாகத் திருப்பிக் கொடுக்கிறோம். கடைசி மாதம் வீட்டில் ஒரு கதிரைதான் இருக்கிறது. ஆனாலும் பன்னிரண்டு கதிரைக்கும் வாடகை கேட்டால் கொடுப்போமா? கதிரை கண்ணுக்குத் தெரியும், கொடுக்க மாட்டோம். காசு கண்ணுக்குத் தெரியாததால் கொடுத்துவிட்டோம்.

கோடு வரைவோம்

எண்களை எல்லோருக்கும் காட்டினால் விளங்காது, கோடாக வரைந்து காட்டுவோம் என்றாள் பிள்ளை. இதிலே எங்களுக்கு முன்னோடி ஒரு பெண் இருக்கிறார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். விளக்கேந்திய சீமாட்டி என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் நல்ல புள்ளிவிபரவியலாளரும் ஆவார். 1854 முதல் 1856 வரை கிரிமியப் போரில் காயப்பட்ட படையினரைப் பராமரித்தவர் அவர். காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்பதை 1858 இல் வண்ண வரைபடமாக வரைந்து காட்டினார். வெறும் எண்களை வாசிக்காத அதிகாரிகளும் படத்தைப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பைத்தனில் வரைபடம் வரைய ‘மெட்பிளொட்லிப்’ என்ற இலவசத் துணைப்பொதி இருக்கிறது. ஜோன் ஹன்ரர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளைப் பார்ப்பதற்காக அதை உருவாக்கினார். 2003 இல் வெளியிட்டார். 2012 இல் அவர் காலமாகிவிட்டாலும் உலகெங்கும் அதைப் பாவிக்கிறார்கள். 2019 இல் வெளியான கருந்துளையின் முதலாவது படத்துக்கான வேலையிலும் அது உதவியது. அதே பொதிதான் எங்கள் கடன் கணக்குக்கும் உதவியது. அதைத் தனியாக ஒருமுறை நிறுவ வேண்டும். அதற்கு மட்டும் இணைய இணைப்புத் தேவை.

செய்யும் முறை இதுதான். வெறுமையான இரண்டு பட்டியல்களை முதலில் வைக்கிறோம். ஒன்றுக்கு ‘மாதங்கள்’, மற்றதற்கு ‘வட்டிகள்’ என்று பெயர். பைத்தனில் சதுர அடைப்புக்குறி இரண்டைப் போட்டால் வெறும் பட்டியல். பிறகு அதே ஃபோர் வரிக்குள், வட்டியைக் கணக்கிட்டவுடன் அதைப் பட்டியலின் கடைசியில் சேர்க்கிறோம். அதற்குக் கட்டளை ‘அப்பென்ட்’. மீதி பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்றே வை என்று ‘இஃப்’ கொண்டு ஒரு வரி சேர்க்கிறோம். எல்லாம் முடிந்ததும் ‘பிளொட்’ என்ற கட்டளைக்கு இரண்டு பட்டியல்களையும் கொடுத்தால், மாதத்தைக் கிடையாகவும் வட்டியை நிலைக்குத்தாகவும் வைத்துக் கோடு வரையும். பன்னிரண்டு மாதமும் 1,200 என்று இன்னொரு பட்டியல் கொடுத்து இரண்டாவது கோட்டையும் வரைந்தோம். ‘ஷோ’ என்றதும் படம் திரைக்கு வந்தது.

இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் தொடங்கின. ஒன்று மதில் மேல் போல நேராகப் போனது. மற்றது 1,200, 1,100, 998, 894 என்று இறங்கி, ஆறாம் மாதம் 680 இல் நின்று, பதினோராம் மாதம் 105 ஆகி, பன்னிரண்டாம் மாதம் பூச்சியத்தைத் தொட்டது. இரண்டுக்கும் இடையில் பெரியதொரு வெளி. அந்த வெளிதான் நாங்கள் ஒவ்வொருவரும் கூடக் கட்டிய 7,044 ரூபா.

வரைபடம் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். 1,000 இல் தொடங்கினால் சிறிய வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். ‘வைலிம்’ என்ற கட்டளையால் அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்க வைக்கலாம். மற்றவர் எங்களை ஏமாற்றக்கூடாது என்பதைப்போல நாங்களும் கோட்டால் எவரையும் ஏமாற்றக்கூடாது.

என்னுடைய கணினியில் வரைபடத்தின் தமிழ்த் தலைப்பு வெறும் சதுரப் பெட்டிகளாக வந்தது. பைத்தனுக்குத் தமிழ் விளங்கினாலும் அந்த வரைபட எழுத்துருவில் தமிழ் இல்லை. நான் தலைப்பில்லாமல் அச்செடுத்து, பேனையால் எழுதினேன்.

24 எப்போது 42 ஆகிறது?

பிறகு நானே தனியாக ஒன்று செய்து பார்த்தேன். வீதத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். எந்த வீதத்தில் பன்னிரண்டாம் மாதம் மீதி சரியாகப் பூச்சியமாகிறதோ, அதுதான் நாங்கள் மெய்யாகக் கட்டிய வட்டி. 0.03 போட்டேன், கழித்தல் 2,445. 0.04 போட்டேன், 2,902 மிச்சம். 0.035 போட்டேன், 132 மிச்சம். 0.03475 இல் ஏறக்குறையப் பூச்சியமானது. பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு 41.7 வீதம். 24 என்று சொன்னது 42 ஆக நின்றது.

பழைய கொப்பியில் இன்னொரு வரியும் இருந்தது. ஆவணச் செலவு, காப்புறுதி என்று 3,000 ரூபாவை முதலிலேயே பிடித்திருந்தார்கள். எங்கள் கைக்கு வந்தது 57,000 தான். மீதியை 57000 என்று மாற்றி ஓட்டினால் வீதம் வருடத்துக்கு ஏறக்குறைய 52.

மற்றொன்றையும் பாருங்கள். ஒருவர் 24 வீதம் நிலையான வட்டி என்கிறார். இன்னொருவர் 30 வீதம், ஆனால் குறைந்து செல்லும் மீதிக்கு என்கிறார். எது மலிவு? 60,000 ரூபாவுக்கு முதலாமவரிடம் தவணை 6,200. இரண்டாமவரிடம் 5,849. வேறு செலவு ஏதும் பிடிக்காவிட்டால் முப்பதுதான் மலிவு. எண்ணை மட்டும் கேட்டுக் கையெழுத்து வைப்பவருக்கு இது தெரியாது.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வது பற்றி அரசு அறிவித்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்கடன்களை இரத்துச் செய்யக் கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் சிங்களச் சகோதரிகள். மொழி வேறானாலும் கொப்பி ஒன்றுதான்.

அந்தத் தாளைக் கொண்டுபோனேன்

அச்செடுத்த தாளை மடித்துக்கொண்டு, மாட்டை விற்றவளின் வீட்டுக்குப் போனேன். அன்று நான்கு பேராகப் போய் நின்ற அதே வாசல். இந்தமுறை தனியாகப் போனேன். அவள் பாய் விரித்து இருக்கச் சொன்னாள். கோட்டைக் காட்டி, கதிரைக் கதையையும் சொல்லி விளங்கப்படுத்தினேன். நூற்றுக்கு இரண்டு என்று சொன்ன சொற்படி பார்த்தால், அவள் பத்துத் தவணை கட்டியபோது மிச்சம் 12,400 அல்ல, 5,251 தான் என்றேன். அன்று முன்னுக்கு நின்றதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். “மாடு போனது போனதுதான் அக்கா. நான் ஆரையும் ஏமாத்தேல்லை எண்டு இதில இருக்குத்தானே. இதை நான் வைச்சிருக்கட்டே?” என்று கேட்டாள். கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் இருந்தாள்.

அந்த 35,220 ரூபா திரும்பி வரவில்லை. தவணையும் மொத்தத் தொகையும் பத்திரத்தில் எழுதியிருந்தன, நாங்கள் கையெழுத்தும் வைத்திருந்தோம். கணினி கடனைக் கட்டித் தராது. கையெழுத்து வைக்க முன்னர் கேட்க வேண்டியது எது என்பதை மட்டும் சொல்லித் தரும். இப்போது எங்கள் சங்கத்தில் எவர் கடன் எடுப்பதென்றாலும் முதலில் என் மேசைக்கு வருகிறார்கள். ஏழு வரி நிரல் தயாராக இருக்கிறது. மூன்று எண்களை மாற்றினால் போதும்.

நீங்களும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்த வட்டி முழுக் கடனுக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா?

2. முதலிலேயே பிடிக்கும் காசு எவ்வளவு? என் கைக்கு வருவது எவ்வளவு?

3. மாதா மாதம் முதலில் எவ்வளவு, வட்டியில் எவ்வளவு கழிகிறது என்ற அட்டவணையை எழுதித் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் அன்றைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லுங்கள்.

கணினி இல்லாதவர்கள் மனம் சோர வேண்டாம். பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு தாள் எடுங்கள். குறுக்கே மாதம், மேலே வட்டி. மேலே சொன்ன ஐந்தாம், ஆறாம் வரிகளைக் கையால் பன்னிரண்டு தரம் செய்து புள்ளி வையுங்கள். நேரம் கூடப் போகும், கோடு அதே கோடுதான்.

அடுத்த மாதம் இதே பட்டியல் முறையில், நாளாந்தம் விற்கும் முட்டைக் கணக்கை எழுதி, எந்தக் கிழமையில் தீன் செலவு வருமானத்தைத் தின்கிறது என்று பார்ப்போம். அதற்காக இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் முட்டையையும் தீனையும் நாள் தவறாமல் எழுதி வையுங்கள். கணக்கை எழுதி வைத்தவருக்குத்தான் கணினி உதவும்.

அதுவரை வணக்கம்.